வீதியில் ஓட்டமே!

(தலைப்பு: உடல்நலத்துக்கு உகந்தது வீட்டுக்குள் ஓட்டமா? வீதியில் ஓட்டமா?)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! மூச்சு வாங்காமல் பேசிவிட்டு, இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் எதிரணிச் சகோதரர்களே! 

எதிரணித் தலைவர் சொன்னார், "டிரெட்மில் என்பது விஞ்ஞானம் தந்த வரம்" என்று. ஐயா, அந்தப் பேர் வந்த கதை தெரியுமா உங்களுக்கு? 1818-ல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைச்சாலைக்காக ஒரு மிதிசக்கரம் செய்து கொடுத்தார். கைதிகள் மணிக்கணக்காக அதை மிதிக்கணும். 1895-ல் சிறைக்குப் போன பெரிய எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் மிதித்தார். அன்றைக்குக் குற்றம் செய்தவனுக்கு டிரெட்மில். இன்றைக்கு மாதத் தவணை கட்டுறவனுக்கு டிரெட்மில்! (சிரிப்பு)

எங்க வீட்டிலும் ஒண்ணு இருக்குங்க. எங்க வீட்டுக்காரர் வாங்கினார். கடைக்காரர் சொன்னார், "நூறு கிலோ தாங்கும் சார்" என்று. பொய் சொல்லலை. நூறு கிலோ ஈரத்துணியைத் தாங்கிச்சு! (பலத்த சிரிப்பு)

சிரிங்க, நானும் சிரிச்சவதான். அவர் அதில் நாலே நாள் நடந்தார். அஞ்சாம் நாள், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். அந்த நாளைக்கு வரவே இல்லை. 2019-ல் மாரடைப்பில் போயிட்டார்.

அதுக்கப்புறம் துணியை எல்லாம் எடுத்துப் போட்டுட்டு நான் ஏறினேன். எனக்கும் சுகர். ரெண்டு வருஷம் கதவைச் சாத்திக்கிட்டு ஓடினேன். ஏன் சாத்திக்கிட்டு? வெளியே போக பயம். நாய்க்குப் பயமில்லைங்க. ஒருநாள் காலையில் பால் வாங்கப் போனேன். எதிரே வண்டியை எடுத்தவர் என் நெத்தியைப் பார்த்தார். வண்டியை நிறுத்திட்டு, உள்ளே போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வந்தார். புரியுதுங்களா? அன்றையிலிருந்து அந்த மெஷின்தான் எனக்குத் தெரு.

ஒருநாள் என் பொண்ணு கேட்டாள்: "அம்மா, ரெண்டு வருஷமா ஓடுறியே, எங்கம்மா போய்ச் சேர்ந்தே?" (கைதட்டல்)

நடுவர் அவர்களே, அந்தக் கேள்விதான் என்னை வீதிக்குத் தள்ளியது.

மறுநாள் விடியற்காலை மெரினா. கலங்கரை விளக்கத்துகிட்ட ஆரம்பிச்சேன். மெஷின்ல அஞ்சு கிலோமீட்டர் ஓடுறவளாச்சே என்ற திமிரு! உழைப்பாளர் சிலை வர்றதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. அங்கேயே உட்கார்ந்துட்டேன். ராய் சௌத்ரி வடிச்ச அந்த நாலு பேரும் பாறையைத் தள்றாங்க. என்னால என்னையே தள்ள முடியலை! (சிரிப்பு)

ஏன் அப்படி? மெஷின்ல வேகத்தை பெல்ட் பார்த்துக்கும். ரோட்டுல நாமதான் பார்த்துக்கணும். வீட்டுக்குள்ள எதிர்காற்று கிடையாது. வேகமா ஓடுறவங்க மெஷினை ஒரு சதவீதம் மேடாக்கினால்தான் வெளியே ஓடும் உழைப்புக்கு ஈடாகும் என்று இங்கிலாந்தில் 1996-ல் ஒரு ஆய்வே வந்திருக்கு. அதோடு நம்ம கடற்கரைப் புழுக்கம்! வேர்வை வரும், காயாது. காயாவிட்டால் உடம்புச் சூடு எப்படி இறங்கும்?

அதனால டாக்டரைக் கேட்டுக்கிட்டு, வாரம் ஒருநாள் வெளியே, மத்த நாள் மெஷின். அப்புறம் ரெண்டு நாள், மூணு நாள். பக்கத்தில் வர்றவங்ககூடப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். இடுப்புப் பையில் தண்ணியும், சுகர் இறங்கினால் வாயில் போட ரெண்டு மிட்டாயும்.

மழை நாளுக்கு மெஷின் நல்லது, முதல் அடி வைக்கிறவங்களுக்கும் நல்லது; ஒத்துக்கறேன். குழந்தைக்குத் தொட்டில் வேணும்தான். அதுக்காக, கல்யாண வயசுப் பிள்ளையைத் தொட்டில்லயா போடுவீங்க? (கைதட்டல்)

"பொம்பளைக்கு எதுக்கு ரோட்டு ஓட்டம்" என்று இங்கே ஒரு சகோதரர் கேட்டார். இது பழைய கேள்வி சார். 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் கேத்தரின் ஸ்விட்சர் என்ற இளம்பெண் ஓடினாங்க. ஒரு அதிகாரி வழியில் ஓடிவந்து, நெஞ்சில் குத்தியிருந்த நம்பரைப் பிடுங்கப் பார்த்தார். அவங்க நிற்கலை. முழு தூரமும் ஓடி முடிச்சாங்க. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984-ல்தான். அதே ஸ்விட்சர் 2017-ல், எழுபது வயசில், அதே பாஸ்டனில், அதே 261-ம் நம்பரோடு மறுபடியும் ஓடினாங்க! (பலத்த கைதட்டல்)

என் கதைக்கு வர்றேன். ஒரு ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். இருட்டு விலகலை. ஆயிரக்கணக்கில் ஜனம். ஏழாவது கிலோமீட்டரில் கால் பின்னிக்கிச்சு. மெஷினாக இருந்தால் பட்டனை அமுக்கியிருப்பேன். ரோட்டில் ஏது பட்டன்? ஓரமா நின்னுட்டேன்.

அப்போ, வேடிக்கை பார்க்க வந்த ஒரு அம்மா, இடுப்பில் குழந்தையோடு, என் நேருக்கு நேரா வந்தாங்க. எனக்குப் பழக்கமாச்சே, நான்தான் ஒதுங்கினேன். அவங்க என் கையைப் பிடிச்சாங்க. "அக்கா, இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, போங்கக்கா!" குழந்தையின் கையை எடுத்து எனக்காகத் தட்டினாங்க. விடியற்காலையில், என் முகத்தைப் பார்த்து, ஒரு பச்சைக் குழந்தை கைதட்டுது சார்!

(அரங்கம் அமைதி)

மிச்சம் மூணு கிலோமீட்டரை நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. கடைசி ஆட்களில் ஒருத்தியாத்தான் முடிச்சேன். ஆனால் முடிச்சேன்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்கிறீங்க, தெரியுது. ஒரே வரி. வீட்டுக்குள் ஓடினால் சர்க்கரை குறையும். வீதியில் ஓடினால் சர்க்கரையும் குறையும், பயமும் குறையும். என் பொண்ணுக்கு இன்றைக்கு என்னிடம் பதில் இருக்கு: போய்ச் சேர்ந்துட்டேம்மா, மனுஷங்ககிட்ட!

ஆகவே, உடல்நலத்துக்கு உகந்தது வீதியில் ஓட்டமே, வீதியில் ஓட்டமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)