எனக்கு வலிப்பு உண்டு



எனக்கு வலிப்பு நோய் உண்டு. இதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தப் பாகூர் மேடைக்கு வந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

என்னைப் பார்த்தால் தெரியாது. கையில் ஊன்றுகோல் இல்லை. வலிப்பு வரும் அந்தச் சில நிமிடம் போக, மற்ற நேரமெல்லாம் நானும் உங்களில் ஒருத்திதான். கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டின் கொடுமையே அதுதான். மறைக்க முடிகிறது, முடிவதால் வீடே சேர்ந்து மறைக்கிறது. “வெளியில சொல்லிடாத, நாளைக்கு வரன் வரணும்” என்று அம்மா சொல்வாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. சட்டமே அப்படித்தான் இருந்தது. அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று 1976இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்தார்கள். 1999இல்தான் அதை எடுத்தார்கள்.

சட்டத்தில் எடுத்தாயிற்று, வீட்டில் எடுக்கவில்லை. விருந்தாளி வந்தால் மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குள் போகிறது. ஒரு வேளை தவறுகிறது. மாத்திரை தவறினால் வலிப்பு வருகிறது. வந்தால் இன்னும் ஆழமாக மறைக்கிறோம். சரியான மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஏழு பேரில் நம் பிள்ளை இருக்கக் கூடாதா?

இது சாமி குற்றம் இல்லை, காற்றுக் கருப்பும் இல்லை. மூளை நரம்புகளில் ஓடும் மின்சாரம் சற்று நேரம் கட்டுமீறுகிறது, அவ்வளவுதான். தலையில் பட்ட அடியால் வரலாம். கழுவாத காய்கறி வழியாக உள்ளே போன நாடாப்புழு முட்டையால்கூட வரலாம். 1992 கிரிக்கெட் உலகக் கோப்பையில் பறந்து விழுந்து இன்சமாமை ரன் அவுட் ஆக்கினாரே ஜான்டி ரோட்ஸ், அவருக்கும் வலிப்பு உண்டு. அவரே வெளியில் சொன்னார்.

விடிய விடிய நடக்கும் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து எனக்கு உயிர். ஆனால் தூக்கம் கெட்டால் எனக்கு வலிப்பு வரும். முன்பு தலைவலி என்று எழுந்து போவேன். இப்போது, “எனக்கு வலிப்பு இருக்கு, தூங்கணும்” என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். ஏரியில் தனியாக இறங்குவதில்லை. வண்டி ஓட்டுவதில்லை. என்னை நான் ஏற்றுக்கொண்டது இந்த அளவில்தான். இதற்கே பல வருஷம் ஆயிற்று.

அரசிடமும் ஒன்று கேட்கிறேன். 7 வகையாக இருந்த ஊனப் பட்டியலை 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 ஆக்கியது. பார்க்கின்சன் நோய், கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. வலிப்பின் பெயர் இல்லை. சேர்க்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதைவிட எளிது. யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். நினைவு திரும்பும்வரை கூட்டம் போடாமல், ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள்.