மன்னர் வாழ்ந்த வீட்டில் மக்கள் காணும் ஓவியம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், கொள்ளேகாலில் ஆற்றிய உரை)

 

ஓவியத்தைப் பற்றிப் பேச ஓர் ஓவியரை அழைத்திருக்கலாம். புகைவண்டி அலுவலகக் கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். அதுவும் ஒருவகையில் நன்றே. ஓவியம் காண்பதற்குப் பட்டமும் பதவியும் வேண்டியதில்லை. கண்ணும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும் என்பதைச் சொல்லவே நான் இங்கு நிற்கிறேன்.

இங்கிருந்து மைசூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தசரா வந்தால் நம் காலனிக் குடும்பங்கள் நரசிபுரம் வழியாகப் பேருந்தில் செல்கின்றன. சாமுண்டி மலை, மிருகக்காட்சிச்சாலை, விளக்கொளியில் பேரரண்மனை, இறுதியில் ஒரு புடவைக் கடை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. பேரரண்மனைக்கு மேற்கே, நடந்தே செல்லும் தொலைவில் ஜகன்மோகன அரண்மனை நிற்கிறது. அதன் வாயிலைக் கடந்து செல்வோர் பலர். உள்ளே நுழைவோர் சிலர்.

அந்த மாளிகையை மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1861ஆம் ஆண்டில் கட்டுவித்தார். 1897இல், அரச குடும்பத்துத் திருமணம் ஒன்றின்போது, மரத்தாலாகிய பழைய அரண்மனை தீக்கிரையாயிற்று. புதிய அரண்மனை 1912இல் நிறைவெய்தும்வரை ஜகன்மோகனமே மன்னர் குடும்பத்தின் இல்லமாக விளங்கிற்று. 1902இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கர்சன் பிரபுவின் முன்னிலையில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் இங்கேதான். புதுமனை புகுந்தபின் பழைய வீட்டைப் பூட்டி வைப்பது உலக வழக்கம். மன்னரோ 1915இல் அதனை ஓவியக்கூடமாக்கினார். 1955 முதல் அது ஸ்ரீ ஜயசாமராஜேந்திர ஓவியக்கூடம் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. ஒரு குலம் தனக்கெனச் சேர்த்த செல்வம், நுழைவுச் சீட்டு வாங்கும் எவர்க்கும் உரிய செல்வமாயிற்று.

உள்ளே இசைக்கருவிகள் உண்டு. மணியடிக்கும்போது பொம்மைச் சிப்பாய்கள் அணிவகுக்கும் பிரெஞ்சுக் கடிகாரம் உண்டு. அரிசி மணியின்மீது தீட்டிய சித்திரமும் உண்டு. குழந்தைகள் அவற்றின்முன் கூடுவது இயல்பே. ஆயினும் நாம் நின்று பார்க்க வேண்டியவை ஓவியங்களே.

முதலில் இரவிவர்மா. நம் பாட்டிமார் பூசையறையில் கும்பிட்ட இலக்குமியும் கலைமகளும் பெரும்பாலும் அவர் தூரிகையின் வழி வந்தவர்களே. 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகம் தெய்வ உருவங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டு சேர்த்தது. ஆனால் அச்சுப்படம் வேறு, மூலம் வேறு. மைசூர் மன்னருக்காக அவர் தம் வாழ்வின் இறுதிக் காலத்தில் தீட்டிய படங்களுள் ஒன்று, இராமபிரான் கடலரசன் செருக்கை அடக்கும் காட்சி. அலை கொந்தளிக்கிறது, வில் வளைந்து நிற்கிறது, வருணன் நீரினின்று எழுகிறான். இது எந்தக் கடல்? இராமேசுவரத்துக்கு அருகே, திருப்புல்லாணிக் கரையில் நிகழ்ந்ததாக நம்மவர் போற்றும் கதையன்றோ! அக்கதையைக் கேரளத்துக் கிளிமானூரில் பிறந்தவர் எழுதினார். 1873இல் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றவர் எழுதினார். அது கன்னட மன்னரின் மாளிகையை அலங்கரிக்கிறது. கலைக்கு எல்லைக்கல் ஏது?

அடுத்து, கையில் விளக்கேந்திய பெண். இதனையும் இரவிவர்மாவின் படமென்றே பலர் கூறுவர், அன்று. எஸ். எல். ஹல்தாங்கர் என்னும் மராட்டிய ஓவியர், தம் மகளையே முன்மாதிரியாகக் கொண்டு, 1945–46ஆம் ஆண்டுகளில் தீட்டியது. எண்ணெய் வண்ணமுமன்று, நீர்வண்ணம். நீர்வண்ணத்தில் ஒளி என்பது பூசுவதன்று, விடுவது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளின் வெண்மையைக் கெடாமல் காக்க வேண்டும். இருள் வேண்டிய இடத்தில் மெல்ல மெல்ல வண்ணம் ஏற்ற வேண்டும். தவறினால் அழித்தெழுதல் அரிது. இதை அறிந்தபின் அவள் விரலிடுக்கில் கசியும் செந்நிறத்தைப் பாருங்கள். நாட்காட்டியில் நூறு முறை கண்டது, அப்பொழுதுதான் முதன்முறையாகக் கண்ணில் படும்.

“புதுக்கால ஓவியம் நமக்கு விளங்குமா?” என்று அஞ்சுவோர் உளர். இரவிவர்மாவே தம் காலத்தில் புதுமைதான். நம் புராணத்தை மேனாட்டு எண்ணெய் வண்ணத்தில் எழுதியவர். அது நம் மரபன்று என்று மறுத்து எழுந்தனர் வங்கத்து அவனீந்திரநாத தாகூரும் அவர் மாணவரும். மைசூர் அரசின் உதவியால் கல்கத்தா சென்று அவரிடம் பயின்ற வெங்கடப்பா, பின்னர் நம் உதகமண்டலத்தின் பனியையும் ஏரியையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். இருசியாவிலிருந்து வந்த நிக்கலஸ் ரோரிக் இமயத்தை எழுதினார். ஜகன்மோகனத்தில் இரவிவர்மாவும், சாந்திநிகேதனப் பாணியும், ரோரிக்கும் ஒரே கூரையின்கீழ் உள்ளனர். ஒருவரோடு ஒருவர் வாதாடும் ஓவியங்களை ஒரு வீட்டில் கூட்டிவைத்ததே அச்சேகரத்தின் பெருமை.

இதைப் போன்ற இன்னொரு வீடு பெங்களூரில், அரண்மனைச் சாலையில் உள்ளது. மைசூர் யுவராஜருக்கு உரியதாயிருந்து, கனிமத் தொழில் நடத்திய மாணிக்கவேலு முதலியாரின் கைக்கு வந்த மாளிகை அது. காலச் சுழற்சியில் அரசின் உடைமையாகி, 2009ஆம் ஆண்டு முதல் தேசிய நவீன ஓவியக்கூடமாகத் திகழ்கிறது. செல்வம் கைமாறிற்று, பெயர் மட்டும் மாணிக்கவேலு மாளிகை என்றே நிலைத்துவிட்டது.

அன்பர்களே! இக்கொள்ளேகால் 1956 நவம்பர் முதல் நாள் வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எல்லை மாறியது, மக்கள் மாறவில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசி வளர்கின்றனர். “இது நம் ஊரா, அயலூரா?” என்னும் ஐயம் அவர்கள் நெஞ்சில் எழாமலிராது. நிலப் பட்டாவும் குடும்ப அட்டையும் மட்டும் அதற்கு விடையாகா. வாழும் நாட்டின் சிறந்த பொருள்களை அறிந்து போற்றுகிறவனே அந்நாட்டுக்கு உரியவன். அந்த உரிமையைப் பெறுவதற்கு விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.

ஆதலின் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த மைசூர்ச் சுற்றுலாவில் அரைநாளை ஜகன்மோகனத்துக்கு ஒதுக்குங்கள். நூறு படங்களையும் ஓடிக் காட்ட வேண்டா. ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு படத்தைத் தெரிந்தெடுத்துக் கால்மணி நேரம் பார்க்கட்டும். கண்டதைத் தமிழில் பத்து வரி எழுதட்டும். கன்னடம் கற்போர் கன்னடத்திலும் எழுதட்டும். அவற்றுள் நல்லனவற்றை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். என் உரைக்கு ஒதுக்கிய பக்கத்தையும் அவர்களுக்கே தருவேன்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!