சாட்சிக்குத் துணை யார்?

(ஹற்றனில் தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத்தினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



குற்றஞ் செய்தவனைப் பற்றிப் பேசுவோர் நாட்டில் அநேகர். அவனுக்குச் சட்டத்தரணி உண்டு, பிணை உண்டு, அவனைக் காவலில் வைத்துச் சோறு போடச் சிறைச்சாலையும் உண்டு. அடிபட்டவளுக்கு யார் உண்டு? அதைக் கண்ணாற் கண்டு உண்மை சொல்ல வந்தவனுக்கு யார் உண்டு? பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதி முடிந்ததும் அரசு அவர்களை மறந்துவிடுகின்றது. வழக்குத் தவணை வரும்போது மாத்திரம் அழைப்பாணை வடிவில் அவர்களை நினைத்துக் கொள்கின்றது.

சட்டமே இல்லையென்று எவரும் கூறவியலாது. குற்றத்துக்கு ஆளானோரின் உரிமைகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985ஆம் ஆண்டிலேயே பிரகடனஞ் செய்தது. நம் பாராளுமன்றம் விழித்தெழ அதன்பின் முப்பது ஆண்டுகள் சென்றன. 2015இல் 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்டோரை மரியாதையுடன் நடத்த வேண்டும், மருத்துவ உதவி அளிக்க வேண்டும், வழக்கின் போக்கை அவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பன அதிலுள்ளன. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றமாக்கப்பட்டது. நீதிமன்றுக்கு வர அஞ்சுவோர் வேறோர் இடத்திலிருந்து ஒலி ஒளித் தொடர்பு மூலம் சாட்சியமளிக்கவும் வழி வகுக்கப்பட்டது. தேசிய அதிகாரசபையும் அமைந்தது. ஏட்டில் எழுதியவற்றிற் குறை காண நமக்கு அதிகமில்லை. ஆனால் அதிகாரசபை இருப்பது தலைநகர்ப் பக்கம். சாட்சி இருப்பதோ பொகவந்தலாவை மலையில், பத்தடிக் காம்பராவில்!

அந்தக் காம்பராவைச் சற்று எண்ணிப் பாருங்கள். வடக்கிலும் கிழக்கிலும் வாழும் கமக்கார நண்பர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு வளவாவது இருக்கும், ஒரு வேலியாவது இருக்கும். லயத்திலே சாட்சிக்கும் எதிரிக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு சுவர். இருவருக்கும் ஒரே பீலியில் தண்ணீர். காலையில் ஒரே பெரட்டு. எதிரி பிணையில் வந்த அன்றே அவன் இருமுவது சாட்சியின் காதில் விழும். மிரட்டுவதற்கு அவன் வாய் திறக்கவே வேண்டியதில்லை. சாட்சிப் பாதுகாப்பு என்றால் துப்பாக்கி ஏந்திய பொலிஸ்காரர் வாசலில் நிற்பதென நினைப்போர் லயத்தைக் கண்டதில்லை.

அழைப்பாணை வரும் வழியையும் பாருங்கள். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்கள் இன்னும் உண்டு. அங்கெல்லாம் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கே போகின்றது. சாட்சி தன் கடிதத்தைப் படிக்கு முன்னரே, இன்னார் இன்ன தேதியில் கோட்டுக்குப் போகிறார் என்பது தோட்டம் முழுவதும் பரவிவிடுகின்றது. அந்த நாளில் அவளுக்குப் பேர் இல்லை, கூலியில்லை. பஸ் ஏறி நீதிமன்றம் வந்தால், எதிரியும் அவன் உறவினரும் நிற்கும் அதே தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். உச்சிப்பொழுதில் “தவணை தள்ளி வைக்கப்பட்டது” என்று சொல்லப்படும். வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு சிங்களத்தில் நடைபெறுவதால் அதுகூட அவளுக்கு விளங்குவதில்லை. மொழிபெயர்ப்பை அரசே அளிக்க வேண்டுமென்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆயினும் மொழிபெயர்ப்பாளர் அவள் கூண்டில் ஏறி நிற்கும் நேரத்துக்குத்தான் உதவுவார். வெளியே வந்தபின், அடுத்த தவணை எப்போது, ஏன் என்று சொல்லுவார் யார்? மூன்று தவணை இப்படிப் போனால் நான்காம் தவணைக்கு அவள் வரமாட்டாள். அவளைக் கோழையென்பது அநியாயம்.

2021ஆம் ஆண்டில் டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் இல்லத்தில் வேலைக்கிருந்தபோது எரிகாயங்களுக்குள்ளாகி, யூலை 15ஆம் தேதி உயிர் நீத்தாள். அம்மாத இறுதியில் அவளுடைய உடல் டயகமவில் தோண்டியெடுக்கப்பட்டு, பேராதனையில் இரண்டாம் முறை பிரேத பரிசோதனைக்கு உள்ளாயிற்று. குற்றம் எவருடையது என்பதைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் கடமை. அதில் நாம் தலையிடவில்லை. நாம் கேட்பது வேறு. பொலிஸ், நீதவான், சட்ட வைத்திய அதிகாரி, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, தொழில் திணைக்களம் என ஒரு வழக்குக்கு இத்தனை வாசல்கள். இத்தனையையும் ஒரு நூலிற் கோத்து, மகளைப் பறிகொடுத்த தாய்க்கு அவள் மொழியில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு எந்த உத்தியோகத்தருக்குரியது? உதவி இல்லாமலில்லை, உதவிகள் ஒன்றையொன்று அறியாமல் இருக்கின்றன என்பதே நம் குற்றச்சாட்டு.

துணை நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இம்மலையகத்திலேயே சான்றுண்டு. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தபோது அவருடைய மனைவியின் சார்பில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். வாக்குரிமையையும் குடியுரிமையையும் சட்டத்தால் இழக்கப் போகும் ஒரு சமூகத்தின் விதவை அன்று தனியே நிற்கவில்லை.

தமிழகத்தில் இதைவிட நெடிய கதை ஒன்றுண்டு. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்கள் சிற்றூரில், 1992 யூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் பொலிசாரும் வருவாய்த் துறையினரும் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர், அத்தனை பேரும் அரசாங்க உத்தியோகத்தர். தீர்ப்பு வருமுன் 54 பேர் இறந்து போயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளென 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்ரெம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அப்பெண்களுக்குத் தலா பத்து இலட்சம் ரூபா வழங்கவும் கட்டளையிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! அத்தனை காலமும் அந்தப் பெண்கள் சொன்ன சொல் மாறாது நின்றார்களென்றால், மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் சட்டத்தரணிகளும் அவர்களுடன் நின்றமையே காரணம். அரசு கொடுத்த காவலால் நின்றவர்களல்லர்.

இனி நமக்குக் கசப்பான செய்திக்கு வருவோம். தோட்டங்களில் எந்தக் காரியத்தையும் பேசி முடிக்கும் வழக்கம் உண்டு. வாய்ச்சண்டைக்கும் கொழுந்து நிறுவைத் தகராறுக்கும் அது நல்ல வழக்கமே. ஆனால் ஒரு பெண்பிள்ளை கெடுக்கப்பட்டாலும் கோயில் முன்றலில் கூட்டங் கூடி, தண்டப் பணம் நிர்ணயித்து, “தோட்டத்துப் பெயர் கெடலாகாது” என்று வாயை மூடுவதா? இத்தகைய குற்றத்தைச் சமரசத்தில் முடிக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் எவருக்கும் இடமளிக்கவில்லை. நட்டஈடு வேண்டுமா? குற்றவாளி அதைச் செலுத்த வேண்டுமென்று கட்டளையிட அதே 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரமளிக்கின்றது. பாதிக்கப்பட்டவர் தமக்கெனச் சட்டத்தரணி வைத்துக்கொள்ளும் உரிமை 260ஆம் பிரிவில் உள்ளது. தலைவர்மார் தண்டம் வசூலிக்கும் கைகளால் சாட்சியின் கையைப் பிடித்து நீதிமன்றம் அழைத்து வரட்டும். இதைச் சொல்வதால் சில தலைவர்மார் நம்மீது கோபங் கொள்வர். கொள்ளட்டும்.

நாம் கேட்பது ஆகாயத்து நட்சத்திரமன்று. ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளைக் காரியாலயத்திலும் ஒரு பெண், ஒரு குறிப்பேட்டுடன் இருக்க வேண்டும். முறைப்பாடு செய்த நாள் முதல் தீர்ப்பு வரை அந்த வழக்கு அவளுடையது. சட்ட உதவி ஆணைக்குழுவில் யாரைக் காண்பது, அரசாங்க வைத்தியசாலையின் நட்பு நிலையம் எங்கே, பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் யார், சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி எண்கள் யாவும் அவள் ஏட்டில் இருக்க வேண்டும். தவணை நாளன்று சாட்சியுடன் பஸ் ஏறுபவள் அவளே.

அரசிடம் கேட்பது: அழைப்பாணை தோட்டக் காரியாலயம் வழியாக வராமல் நேரே உரியவர் கையிற் சேர வேண்டும். மலையக நீதிமன்றங்களில் எதிரியின் கண்ணிற் படாமல் சாட்சி அமர ஓர் அறை வேண்டும். சட்டத்தில் உள்ள ஒலி ஒளித் தொடர்பைக் கொழும்புக்கு அழைக்கப்படும் தோட்டத்துச் சாட்சி நுவரெலியாவிலிருந்தே பயன்படுத்த இயல வேண்டும்.

அன்றையக் கூலிக்கு என்ன வழி என்பீர்கள். கம்பனிகளிடம் கேட்போம்; அவை இணங்கும்வரை காத்திருப்பதற்கில்லை. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சந்தா வெட்டப்படுகின்றது அல்லவா? அதிலிருந்து ஒரு பங்கைச் சாட்சிகளின் தவணை நாட் கூலிக்கென ஒதுக்க வேண்டுமென்று அடுத்த பொதுக்கூட்டத்திற் பிரேரணை கொண்டுவர இருக்கின்றோம். மறுப்போர் எழுந்து நின்று காரணஞ் சொல்லட்டும். அதுவரையில், டிவிசனுக்கு இரண்டு பெண்களின் பெயர்களை இம்மாதம் முடியுமுன் எமக்கு எழுதி அனுப்புங்கள். எழுத வாசிக்கத் தெரிந்தவர்களாக, முடிந்தால் சிங்களமும் பேசுவோராக இருத்தல் நலம். தலைவரின் உறவினராக இருத்தல் அவசியமில்லை.