கடலில்லாத கோவையில் இரண்டு கப்பல்கள்

(அன்னூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை நான் ஒரு புதிருடன் தொடங்குவது வழக்கம். "பிரிட்டிஷ் கடற்படைக்குக் கோயம்புத்தூரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. எங்கே நிறுத்தியிருப்பார்கள்?" நொய்யல், சிங்காநல்லூர் குளம் என்றெல்லாம் பதில் வரும். இரண்டுமே தரையில் இருந்தவை. கரையில் உள்ள தளத்துக்கும் கப்பலைப் போலப் பெயர் சூட்டுவது அந்தக் கடற்படையின் வழக்கம். பீளமேட்டில், இன்று விமான நிலையம் உள்ள இடத்தில், 1942இல் தொடங்கிய விமானப் பழுதுபார்ப்புத் தளத்தின் பெயர் கருடா. 1945இல் சூலூர் விமானத்தளத்துக்கு வைத்த பெயர் வைரி.

தாம்பரத்தில் இருந்தது வல்லூறு, கொச்சியில் கழுகு. எல்லாம் பறவைகள். வைரியும் வேட்டைப் பறவைதான். பைரி என்றும் சொல்வோம். ஆனால் அதற்குப் பகைவன் என்றும் பொருள் உண்டே! பெயர் வைத்தவருக்கு அது தெரிந்திருக்குமா என்று எங்கள் பள்ளித் தமிழாசிரியர் கேட்டுச் சிரிப்பார்.

ஏன் இங்கே வந்தார்கள்? 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9ஆம் தேதி திருகோணமலை. அன்றே ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டது. பிரிட்டனின் கிழக்குக் கடற்படை ஆப்பிரிக்கக் கரைக்கு ஒதுங்கியது. கோவையோ கடலிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். ரயில் உண்டு, பைக்காரா மின்சாரம் உண்டு, மில்களில் இயந்திரம் பழகிய கைகள் உண்டு. இதையெல்லாம் நான் வாய் திறந்து சொல்வதில்லை. வரைபடத்தை மாட்டிவிட்டுப் பேசாமல் நிற்பேன். மாணவர்களே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார்கள்.

போர் முடிந்து 1946இல் இரு தளங்களையும் கடற்படை மூடியது. தற்காலிகமாக வந்தவர்கள் போய்விட்டார்கள், ஓடுபாதை போகவில்லை. 1958இல் நம் கடற்படையின் ஜெட் பிரிவு சூலூருக்கு வந்தது. அது 1961இல் ஐ.என்.எஸ். ஹன்சா ஆகி, பிறகு கோவாவுக்குச் சென்றது. ஹன்சா என்றால் அன்னம், மறுபடியும் பறவை! இன்று சூலூர் இந்திய விமானப்படையின் தளம். 2018இல் தேஜஸ் விமானங்கள் இங்கே வந்தன.

இப்போது நான் கேட்க வந்தது. 1945இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு. இன்னும் சில ஆண்டுகளில் கேட்பதற்கு ஆளிருக்காது. "அப்பிச்சி, போர் ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டால் "இல்ல சாமி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மண்ணெண்ணெய், அரிசி எப்படிக் கிடைத்தன, தளத்து வேலைக்கு யார் போனார்கள், யாருடைய காடு போனது, என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அமுச்சிகளை விட்டுவிடாதீர்கள், விலைவாசி அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். நோட்டில் இரண்டு பத்தி: நேரில் பார்த்தது ஒன்று, பிறர் சொல்லிக் கேட்டது ஒன்று. மதிப்பெண் வேண்டாம், மதிப்பெண் என்றால் கதை கட்டிவிடுவார்கள்.

மாணவர்களைக் காங்கேயம்பாளையத்துக்கு அழைத்துப்போக வேண்டாம். அது இயங்கும் படைத்தளம், மதில் பக்கம் படம் எடுக்கக் கூடாது. நோட்டுகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்; கருமத்தம்பட்டி, சூலூர்ப் பக்கத்து ஆசிரியர்களிடமும் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் படிப்போம்.