கொட்டானின் நான்கு மூலைகள்

என் கையில் இப்போது ஒரு செட்டிநாட்டுக் கொட்டான் இருக்கிறது. பனங்குருத்தோலையில் முடைந்த சிறு கூடை, உள்ளங்கை அகலம். வெளிர்மஞ்சள் ஓலைக்கு நடுவே கத்தரிப்பூ நிறத்திலும் பச்சையிலும் சாயம் ஏற்றிய ஓலைகள் ஓடுகின்றன. கடையில் இதை எடுத்துப் பார்ப்பவர்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு விலை கேட்பார்கள். நான் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வேன். அடி சதுரம், வாய் வட்டம். சதுரம் எந்த இடத்தில் வட்டமானது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அப்படிக் காட்ட முடியாமல் முடைந்திருப்பதுதான் நல்ல கொட்டான்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், கொட்டான் முடையும் ஓர் அம்மாவின் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். வெயிலில் காயவைத்த ஓலையில் ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரே அகலத்துக்கு வார்ந்து வைத்திருந்தார். முடையும் முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தார். காய்ந்தபடியே மடித்தால் ஓலை முறிந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து அடியை முடிக்கும் வரை கை வேகமாக ஓடியது. மூலைக்கு வந்ததும் நிதானப்பட்டது. இரண்டு பக்கத்து ஓலைகளும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை மேலே விட்டு, அடுத்ததை அடியில் நுழைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இழுத்தார். தரையில் தட்டையாகக் கிடந்த பின்னல் எழுந்து நின்றது! இழுப்பு தளர்ந்தால் மூலையில் ஓட்டை விழும். இறுக்கிவிட்டால் சுவர் உள்ளே சாயும். நான்கு மூலைக்கும் ஒரே இழுப்பு வேண்டும். புதிதாகக் கற்கும் பெண் முடைந்த ஒன்றையும் தாம் முடைந்த ஒன்றையும் என்னிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மூலையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வித்தியாசம் உடனே தெரிந்தது.

ஒரு காலத்தில் செட்டிநாட்டு ஆச்சிமார் வீட்டில் உட்கார்ந்து முடைந்த பொருள் இது. கல்யாணச் சீரில் கொட்டான் இருக்கும். பலகாரமும் வெற்றிலை பாக்கும் அதில் போட்டுத்தான் கொடுப்பார்கள். பாசிமணி கோத்த உறையும் நூல் பின்னிய உறையும் போட்டு அழகு பார்த்தார்கள். எனக்கு உறை இல்லாத கொட்டான்தான் பிடிக்கும். உறை போட்டால் மூலை மறைந்துவிடுகிறதே! பிறகு எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தன, முடைவோர் குறைந்தார்கள். 2000-ஐ ஒட்டி விசாலாட்சி ராமசாமி அவர்களின் முயற்சியில், எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை இந்தக் கலையைச் சுற்று வட்டாரத்துக் கிராமப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு நல்லதுதான். ஆனால், பரம்பரையாக இதை முடையாத வீட்டுப் பெண்களும் கற்றுக்கொண்டு அதில் கூலி பார்த்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இனி என் கவலையைச் சொல்கிறேன். முடையக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஓலைக்கு எங்கே போவது? குருத்தோலை என்பது பனையின் உச்சியில் இன்னும் விரியாத இளம் ஓலை. பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. குருத்தை அளவின்றி வெட்டினால் மரம் நலிந்துபோகும். ஆகவே மரம் தெரிந்தவர்தான் ஏறி, பார்த்து வெட்ட வேண்டும். பனையேறிகள் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். விழுந்தால் உயிர் போகிற தொழிலுக்கு வா என்று அவர்களைக் கூப்பிட நமக்கு என்ன உரிமை? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, ஓலைப் பொருள்களுக்கு நல்ல காலம் என்று பலரும் மகிழ்ந்தோம். கேட்பவர்கள் கூடினால் மட்டும் போதுமா? ஏறுகிறவர் கூலியும் கூட வேண்டும். கொட்டான் விலை அதிகம் என்று பேரம் பேசும்போது நாம் குறைப்பது முடைகிறவர் கூலியை மட்டுமல்ல, மரத்தின் மேல் நிற்கிறவர் கூலியையும் சேர்த்துத்தான்.

வீட்டு விசேஷத்துக்குத் தாம்பூலம் கொடுக்கக் கொட்டான் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். தை முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லி, முன்பணமும் கொடுத்துவிடுங்கள்.