வீட்டுக்குன்னு ஒரு பாத்தி

(தலைப்பு: ‘நடுத்தரக் குடும்பத்துக்கு இயற்கை உணவு கட்டுபடியாகுமா? ஆகாதா?’ – ‘கட்டுபடியாகும்’ அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

சமையலைப் பாதியிலே விட்டுட்டு டி.வி. முன்னாலே உட்கார்ந்திருக்கிற என் சகோதரிகளே! அடுப்பை ஒரு தடவை பாத்துட்டு வந்துருங்க. (சிரிப்பு)

ஐயா, எனக்கு முன்னாலே பேசின தம்பி ஒரு பட்டியல் வாசிச்சாரு. இயற்கை அங்காடியிலே துவரம்பருப்பு என்ன விலை, செக்கு எண்ணெய் என்ன விலை, நாட்டுச் சர்க்கரை என்ன விலைன்னு. கேட்ட எனக்குத் தலை சுத்திருச்சு. ‘இது பணக்காரன் சோறு, நமக்கு ஆகாது’ன்னு முடிச்சாரு. நான் அதை மறுக்கப் போறதில்லை. ஏன்னா, அந்த மாதிரி ஒரு கடையிலே பில்லைப் பாத்துட்டு வாயடைச்சு நின்னவ நான்!

நான் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டுக்காரர் ஒரு தனியார் கம்பெனியிலே கணக்கு எழுதுறாரு. ரெண்டு பிள்ளைங்க, எங்க அத்தை. மளிகை, காய், பால் எல்லாமே மாசம் பத்தாயிரத்துக்குள்ளே முடியணும். ஒருநாள் பத்திரிகையிலே பூச்சி மருந்தைப் பத்திப் படிச்சிட்டு, ‘இனிமே இந்த வீட்டுக்குள்ளே விஷம் நுழையக் கூடாது’ன்னு பாஞ்சாலி மாதிரி சபதம் போட்டேன். அரிசி, பருப்பு, எண்ணெய், காய் அத்தனையும் இயற்கை. பதினெட்டாம் தேதி பர்ஸைத் திறந்தேன். அதுவும் ரொம்ப இயற்கையா இருந்துச்சு, காத்து மட்டும்தான்! (பலத்த சிரிப்பு)

மிச்சம் பன்னிரண்டு நாளும் ரசம், அப்பளம். சின்னவன் கேட்டான், “அம்மா, முட்டை எப்பம்மா வாங்குவே?” அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை ஐயா. நல்ல அரிசி வாங்குறேன்னு சொல்லி, பிள்ளை தட்டிலே இருந்த முட்டையையும் காயையும் நானே எடுத்துட்டேனே!

அதனாலே முதல்லயே சொல்லிடறேன். வளர்ற பிள்ளைக்குக் காயும் பருப்பும் வயிறு நிறையப் போகணும். இயற்கைக் காய்னு கால் கிலோ வாங்கி அஞ்சு பேருக்குப் பங்கு வைக்கிறதைவிட, சந்தைக் காயை ஒரு கிலோ வாங்கி நல்லாக் கழுவிச் சமைக்கிறது மேல். கழுவினா மேலே ஒட்டினதிலே கொஞ்சம் போகும். செடி உறிஞ்சினது போகாது. இருந்தாலும் காயே இல்லாத தட்டைவிட அது மேல். என்ன ஐயா, ‘இந்தம்மா எந்த அணி’ன்னு பாக்கிறீங்களா? இருங்க, வர்றேன். (சிரிப்பு)

எதிரணி நண்பர்கள் எங்கே சறுக்குறாங்கன்னா, இயற்கை உணவுன்னா இயற்கை அங்காடின்னு நினைச்சுட்டாங்க. ஏ.சி.க்கும் கண்ணாடிக் கதவுக்கும் அட்டைப் பெட்டிக்கும் குடுக்கிற காசை எல்லாம் கத்தரிக்காய் மேலே எழுதுறாங்க.

எங்க சித்தப்பாவுக்குத் திண்டுக்கல் பக்கம் ரெண்டு ஏக்கர். கத்தரி, வெண்டை போடுவாரு. ஊர்ப் பக்கம் பூச்சிக்கொல்லிக்கு என்ன பேரு? மருந்து! வள்ளுவர் ‘மருந்து’ன்னு ஒரு அதிகாரமே வச்சாரு, அதிலே மாத்திரையைப் பத்திச் சொல்லலை, சோத்தை எப்படிச் சாப்பிடணும்னு சொன்னாரு. அவருக்குச் சோறு மருந்து. நமக்கு விஷம் மருந்து! (கைதட்டல்) எண்டோசல்பானுக்கு 2011-லே உச்ச நீதிமன்றம் தடை போட்டுச்சு. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அதுவும் மருந்துதான் ஐயா.

சித்தப்பா சாயங்காலம் மருந்து அடிச்சிட்டு வந்தா, கண்ணு எரியுது, தலை சுத்துதுன்னு திண்ணையிலே சாஞ்சிடுவாரு. சித்தி பதறும். தட்டுக்கு வர்ற விஷத்தைப் பத்தித்தான் இங்கே எல்லாரும் பேசினோம். அது முதல்லே போறது அடிக்கிறவன் மூச்சுக்குள்ளே. ஒரு லீவிலே போயிருந்தப்போ, கூடையை எடுத்துக்கிட்டு கத்தரி பறிக்கப் போனேன். ஓடி வந்து தடுத்தாரு. “அதுலே பறிக்காதே தாயி! கிணத்தடியிலே வீட்டுக்குன்னு ஒரு பாத்தி இருக்கு, அங்கே பறி.”

(அரங்கில் அமைதி)

சந்தைக்கு ஒரு பாத்தி, வீட்டுக்கு ஒரு பாத்தி. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்லை. ஓட்டை விழுந்த கத்தரிக்காயை நான் என்னிக்காவது வாங்கியிருக்கேனா? பளபளன்னு பொறுக்கி எடுத்தது இந்தக் கைதானே?

அன்னிக்குக் கேட்டேன்: “சித்தப்பா, அந்த வீட்டுப் பாத்தியைக் கொஞ்சம் பெருசாக்குங்க. எங்க தெருவிலே அஞ்சு வீடு எடுத்துக்கிறோம். ஓட்டை இருந்தாலும் சரி. கடையிலே நாங்க குடுக்கிற விலையை உங்க கையிலே தர்றோம்.” மண்டியிலே அவருக்குக் கிடைக்கிற விலை வேற, கடையிலே நாம குடுக்கிற விலை வேற. நடுவுலே நிக்கிற அந்தப் பணம்தான் ஐயா, அவருக்கும் கட்டுபடியாகுது, எனக்கும் கட்டுபடியாகுது! (கைதட்டல்) இது ஒண்ணும் புதுசில்லை. 1999-லே மதுரையிலே உழவர் சந்தையைத் திறந்ததே விளைவிக்கிறவரும் வாங்குறவரும் நேருக்கு நேர் நிக்கத்தானே? உங்களுக்குச் சித்தப்பா இல்லேன்னா அங்கே போய், ‘எந்த ஊரு, என்ன அடிச்சீங்க’ன்னு கேளுங்க. பல பேர் உண்மையைச் சொல்லுவாங்க.

சுலபமா நடந்துச்சா? இல்லை. முதல் போகத்திலே பாதிக் காய் புழுவுக்குப் போச்சு. வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சும் கேக்கலை. சித்தி என்னை வஞ்சது இன்னும் காதிலே இருக்கு. வராத காய்க்கும் அஞ்சு வீடும் அந்த மாசம் பணம் குடுத்தோம். ஒரு வீடு கோவிச்சுக்கிட்டு விலகிருச்சு. சான்றிதழ் இருக்கான்னு கேப்பீங்க. வருஷப் பயிருக்கே ரெண்டு வருஷம் மாற்றுக் காலம் காத்திருக்கணும். ஒருத்தர் நிலத்தை ஒருத்தர் சோதிச்சுச் சொல்ற குழு முறையும் இருக்கு. எனக்கு இப்போதைக்குச் சித்தி வஞ்சதே சான்றிதழ்! (சிரிப்பு)

மத்ததை எல்லாம் அளந்துதான் வாங்குறேன். கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், காலிபிளவர், இதெல்லாம் மருந்து அதிகம் குடிக்கிற சாதி. காசு அங்கே போகட்டும். வாழைத்தண்டு, பூசணி, சேனை, இதையெல்லாம் சந்தையிலேயே வாங்குறேன். கறிவேப்பிலை தொட்டியிலே. முளைக்கீரை மாடியிலே சாக்குப் பையிலே, ஒரு மாசத்துக்குள்ளே அறுத்துடலாம். புளி, மிளகாய் வத்தல் அறுவடைக் காலத்திலே மொத்தமா வாங்கி வெயில்லே போட்டுப் பானையிலே கட்டுறது. இது எங்க அத்தை கையாளுற துறை, நான் தலையிடறதில்லை.

அரிசின்னா எனக்குத் திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் ஐயா ஞாபகம் வரும். நெல் திருவிழாவிலே ரெண்டு கிலோ விதை குடுத்து, அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பிக் குடுன்னாரு. 2018-லே மறைஞ்சிட்டாரு, விதை சுத்திக்கிட்டிருக்கு. எங்க வீட்டிலே மாப்பிள்ளைச் சம்பா வாரத்துக்கு ஒருநாள், கஞ்சிக்கு. இளவட்டக்கல்லைத் தூக்க மாப்பிள்ளைக்குப் போட்ட அரிசியாம். எங்க வீட்டு மாப்பிள்ளை காஸ் சிலிண்டரை நகர்த்தவே ஆள் கூப்பிடுறாரு! (பலத்த சிரிப்பு) மத்த நாள் சாதா அரிசிதான். பாலும் எண்ணெயும் சாதா கடையிலேதான். பத்தாயிரம் தாண்டலை. சின்னவனுக்கு முட்டை உண்டு.

மணி அடிச்சிட்டீங்க, முடிக்கிறேன். சித்தப்பா இப்போ சந்தைப் பாத்தியிலேயும் பாதிக்கு மருந்தை நிறுத்திட்டாரு. மீதிப் பாதிக்கு வீடு தேடிக்கிட்டிருக்கோம். எதிரணியிலே மூணு பேர் இருக்கீங்க. மூணு வீடு. ஓட்டைக் கத்தரிக்காய்தான் வரும், சம்மதமா? நிகழ்ச்சி முடிஞ்சதும் விலாசம் குடுத்துட்டுப் போங்க. (பலத்த கைதட்டல்)