நவோகோவா, மிதோரியா?

(நம் குடியிருப்பு வாசகர் வட்டக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த முறை நாம் படித்தது ஹருகி முரகாமியின் 'நார்வேஜியன் வுட்'. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதை நடப்பது 1968-70இல், டோக்கியோவில். கல்லூரி மாணவன் வதனபே. அவனுடைய நண்பன் கிசுகி பதினேழு வயதில் தற்கொலை செய்துகொண்டவன். கிசுகியின் காதலி நவோகோ அந்தத் துயரத்திலிருந்து மீளவே இல்லை. மலைமேல் உள்ள ஒரு மனநலக் காப்பகத்துக்குப் போகிறாள். வதனபே அவளுக்காகக் காத்திருக்கிறான். இதற்கிடையில் கலகலப்பான மிதோரி அவன் வாழ்க்கையில் வருகிறாள்.

1987இல் ஜப்பானில் இது இரண்டு தொகுதிகளாக வந்தது. ஒன்று சிவப்பு அட்டை, மற்றது பச்சை. இளைஞர்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். முரகாமியின் முந்தைய விநோதக் கதைகளை விரும்பியவர்களில் சிலரோ, 'இவரும் காதல் கதை எழுத வந்துவிட்டாரே' என்று முகம் சுளித்தார்கள்.

நம் வட்டத்திலும் இரண்டு கட்சிதான். "மிதோரி வராமலிருந்தால் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன்" என்றார் ஒரு தம்பி. "நவோகோவை நினைத்து இரண்டு நாள் தூக்கம் இல்லை" என்றார் ஓர் அக்கா. "அந்தப் பையனை நாலு சாத்து சாத்த வேண்டும்" என்றார் நம் மூத்த உறுப்பினர். ஒரு தந்தை மட்டும், "இதைக் கல்லூரிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாவும் இருக்கிறது, வெளிப்படையான பாலியல் காட்சிகளும் இருக்கின்றன.

என் பதிலுக்கு முன் ஒன்று. வதனபேயின் விடுதி அறையில் ஒருவன் இருக்கிறான். வரைபடப் பைத்தியம். விடியற்காலையில் வானொலி கேட்டபடி உடற்பயிற்சி செய்து தூக்கத்தைக் கெடுப்பவன். நாமும் சிரித்துக்கொண்டே படிக்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வருவதில்லை. ஏன் என்று கடைசிவரை தெரியாது.

எனக்கும் ஹாஸ்டலில் அப்படி ஓர் அறைத்தோழன் இருந்தான். அவனைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் ஆண்டு விடுமுறைக்குப் போனவன் வரவேயில்லை. முகவரி என்னிடம் இருந்தது. ஒரு கார்டு கூடப் போடவில்லை. நாற்பது வருடம் கழித்து, இந்தப் பக்கங்களைப் படிக்கும்போதுதான் உறைத்தது.

இன்னொரு காட்சி. மிதோரியின் அப்பா மூளைக் கட்டியோடு மருத்துவமனையில் கிடக்கிறார். அவளைச் சற்று வெளியே அனுப்பிவிட்டு வதனபே பக்கத்தில் உட்காருகிறான். வெள்ளரிக்காயை சோயா சாஸில் தொட்டுக் கறுக் மொறுக்கென்று தின்கிறான். உணவை மறுத்துவந்த அந்த மனிதர் தானும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். சில நாட்களில் இறந்துவிடுகிறார். ஆனாலும் அந்த ஒரு வெள்ளரிக்காய் வீணில்லை. புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஆகவே, அந்தத் தந்தைக்கு என் பதில்: வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நீங்களும் படியுங்கள். படித்த பிறகு எந்தக் கட்சி என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டால், சற்று நேரம் கழித்துக் கதவைத் தட்டுங்கள். அறிவுரை வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.